காலியாக விட்ட கட்டம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: உன் அத்தானின் அண்ணனான பெரியவர், சாய்வு நாற்காலியில். என் நாத்தனார், சோபாவின் ஒரு ஓரத்தில். பெரியவரின் நண்பரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மறு ஓரத்தில். உன் அத்தான், முழங்கால் வலியோடு காலை நீட்டிக்கொண்டு. எதிர்வீட்டுக் காவலாளி, உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவருகே. ஆக ஐந்து பேர். நான் தேநீர் கொண்டு போனபோது மட்டும் இருந்தேன். அதனால் என்னைச் சேர்க்கவில்லை.

ஆண்டவன் அருளால் இங்கே எல்லோரும் நலம். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? அப்படியே கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே கிடக்காதே.

விஷயம் எதிர்வீடு பற்றியது. உனக்குத் தெரிந்த கதைதான். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினேழு நாளும் நான் வராந்தாவில் செய்தித்தாள் விரித்துப் படுத்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த எட்டு அறை வீட்டை, நோயாளிகளுக்குத் துணையாக வருபவர்கள் இலவசமாகத் தங்குவதற்கென்று எழுதி வைத்தார். எதிர்வீடு என்ற பெயரும் அதனால்தான். இன்று எட்டில் ஆறு அறை பூட்டிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜனம் கால் வைக்க இடமில்லாமல் படுத்திருக்கிறது. பெரியவர் சொல்லிவிட்டார்: "ஜூன் முடியறதுக்குள்ள பாதி அறையாவது நிறையணும். இல்லேன்னா மருந்துக் கிடங்குக்கு விட்டுடலாம். பூட்டி வெச்சு தூசி தட்டிட்டு இருக்க முடியாது."

ஆளுக்கு ஒரு யோசனை சொல்லி, கடைசியில் ஒரு வெப்சைட் வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. நீதான் செய்து தர வேண்டும். போனில் பேசாதே, கடிதமாகவே எழுது. போனில் சொன்னதை அடுத்த நாள் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கழுத்து வலி குறைந்திருக்கிறது. அத்தானை மாடிப்படி ஏற விடாதே.

கட்டாயம் செய்து தருகிறேன். ஆனால் முதலில் யார் யார் என்ன வேலை என்று தெரிய வேண்டும். எங்கள் ஆபீஸில் எவ்வளவு சின்ன வெப்சைட்டாக இருந்தாலும் ஐந்து பொறுப்பு உண்டு. முடிவு சொல்ல ஒருவர். வார்த்தை எழுத ஒருவர். எது எங்கே இருக்க வேண்டும் என்று வரைய ஒருவர். கட்ட ஒருவர். கட்டி முடித்த பிறகு, அதன் வழியாகக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒருவர். இந்தக் கடைசி ஆளைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று. அந்தப் பக்கத்தைத் திறக்கப் போவது பெரியவர் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு கையில் மருந்துப் பையும் மறு கையில் விரிசல் விட்ட போனுமாக ஒருவர் திறப்பார். பக்கம் சரியில்லை என்றால் அவர் நம்மைத் திட்டமாட்டார். தனக்குத்தான் விவரம் போதவில்லை என்று நினைத்து மூடிவிட்டுப் போய்விடுவார். நான் இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

அவர்கள் என்ன கேட்பார்கள் என்று யாருக்காவது தெரியுமா?

அன்புத் தம்பி

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுப் போன் எங்கள் வீட்டில்தானே இருக்கிறது. எடுப்பதும் நான்தான், எடுத்ததை நோட்டில் எழுதுவதும் நான்தான். நவம்பர் முதல் ஜனவரி வரை வந்த அழைப்பு நாற்பத்து மூன்று. அறை இருக்கிறதா என்று கேட்டவர்கள் இருபத்து நான்கு. எப்படி வருவது என்று கேட்டவர்கள் பதினொன்று. வெந்நீர் வைக்க முடியுமா என்றவர்கள் ஆறு. தவறான எண் இரண்டு. வீட்டின் வரலாற்றைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

இருபத்து நான்கு பேர் கேட்டும் ஏன் அறை காலி என்று நீ கேட்பாய். ஆம் என்று சொல்லும் அதிகாரம் பெரியவருக்குத்தான். "கேட்டுச் சொல்றேங்க" என்று வைத்துவிட்டு, அவர் மதியத் தூக்கம் எழுந்த பிறகு கேட்டுச் சொல்வதற்குள் அவர்கள் வராந்தாவில் துண்டை விரித்திருப்பார்கள்.

இந்தக் கணக்கை நேற்று கூடத்தில் வாசித்தேன். எல்லோரும் கேட்டுவிட்டு, தங்கள் தங்கள் ஆசையைச் சொன்னார்கள். பெரியவருக்கு மாமனார் படம் முகப்பு முழுவதும் வேண்டும். தலைமையாசிரியருக்கு வரலாறு பதினொரு பக்கம் வேண்டும், எழுதியும் வைத்திருக்கிறார். நாத்தனாருக்குப் பொன் நிறத்தில் எழுத்து ஓட வேண்டும். எனக்கும் ஒரு ஆசை உண்டு. திறந்தவுடன் ஒரு பிரார்த்தனைப் பாட்டு ஒலித்தால் வருபவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் அல்லவா?

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். தாமதத்துக்குக் காரணம் உங்கள் வீட்டார்தான்.

பாட்டு வேண்டாம். நீ கேட்டதால் யோசித்துத்தான் சொல்கிறேன். டாக்டர் அறை வாசலில் ஒருவர் திறக்கிறார், பாட்டு அலறுகிறது, பதறிப்போய் மூடுகிறார். பிரார்த்தனை உன் மனதில் இருக்கட்டும், அவர் போனில் வேண்டாம்.

பெரியவர் என்னைப் போனில் கூப்பிட்டார். "படத்தைப் பெருசாக்கு." ஆக்கினேன். தலைமையாசிரியர் கூப்பிட்டார். "எழுத்தைப் பெருசாக்கு." ஆக்கினேன். அத்தானும் ஒரு நாள் கூப்பிட்டு, "எல்லாரும் சொல்றாங்க, நானும் ஏதாவது சொல்லணும்ல, அந்த பட்டனைப் பெருசாக்கு" என்றார். அதையும் ஆக்கினேன். கடைசியில் உன் நாத்தனார் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா எல்லாம் இப்படிக் கத்துது?" என்கிறார். எல்லாம் பெரிசாக இருந்தால் எதுவும் பெரிசாக இல்லை அக்கா. இதை நான் நாலு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது.

உன் நோட்டு மட்டும்தான் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது. அதை வைத்து ஒரே பக்கம் செய்திருக்கிறேன். மேலே, இன்று எத்தனை அறை காலி என்ற எண். அதன் கீழ், அறை கேட்க ஒரு பட்டன். அதன் கீழ், பஸ் நிலையத்திலிருந்து வரும் வழி. கடைசியில் வெந்நீர் உண்டு என்ற ஒரு வரி. உன் மாமனாரின் படம் அடியில், சின்னதாக, புன்னகையோடு.

ஒன்றுதான் பாக்கி. அறை கேட்பவருக்குப் பதில் சொல்வது யார்? ஒருவர்தான் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் நீதான். கூட்டத்தில் கேட்டு எழுது.

அன்புத் தம்பி

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் அத்தானுக்கு முழங்காலில் பட்டி போட்டிருக்கிறது.

கேட்டேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் எனக்காக நான் கேட்ட முதல் விஷயம். பெரியவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "உனக்கு எதுக்கும்மா அந்தத் தலைவலி? முன்பின் தெரியாதவங்களுக்குப் பதில் சொல்றதுன்னா சும்மாவா? நீ வழக்கம்போல எழுதி வை, போதும்." தலைமையாசிரியர், எழுத்துப் பிழை வந்துவிடும் என்றார். நான் வாசகசாலைப் புத்தகத்தைப் பார்த்துத் தானாகப் படித்தவள் என்பது அவருக்குத் தெரியும். நாத்தனார் உன் அத்தானைப் பார்த்தார். உன் அத்தான் முழங்காலைப் பார்த்தார்.

முடிவு இது. பதில் சொல்லும் பொறுப்பு பெரியவர், நாத்தனார், தலைமையாசிரியர், உன் அத்தான் ஆகிய நால்வருக்கும் பொது. விண்ணப்பம் வந்தால் நால்வர் போனுக்கும் போக வேண்டும். பதிவுக்காக எனக்கும் ஒரு பிரதி. நான் நோட்டில் கோடு போட்டு வைத்துவிட்டேன்: நாள், பெயர், கேட்டது, பதில். நாலு கட்டம்.

எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவர்கள் சொன்னபடியே செய்துவிடு. வருத்தம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பக்கம் இன்று காலை முதல் எல்லோருக்கும் திறக்கிறது. ஆஸ்பத்திரி நுழைவாயிலில் ஒட்ட அறிவிப்பும் அனுப்பியிருக்கிறேன். காவலாளியிடம் கொடு.

நாலு பேருக்கும் போகும்படிதான் செய்திருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அப்பா சொல்வாரே, நாலு பேருக்குச் சொந்தமான மாடு பட்டினி கிடக்கும் என்று. ஒவ்வொருவரும் மற்றவர் வைக்கோல் போட்டிருப்பார் என்று நினைப்பார். இதைப் பெரியவரிடமும் சொன்னேன். "நாங்க என்ன மாடா மேய்க்கிறோம்?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

நீ பார்த்துக்கொள். பதினைந்து நாள் கழித்துக் கணக்கு அனுப்பு.

அன்புத் தம்பி

ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவன் அருளால் நலம். கேட்டபடி கணக்கு. வந்த விண்ணப்பம் ஆறு.

ஒன்று, மார்ச் 26. தலைமையாசிரியர் இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டார். பதில் மூன்று பக்கம். அறை உண்டு என்ற செய்தி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அந்த மனிதர் அதுவரை படிக்கவில்லை, வரவில்லை.

இரண்டு, மார்ச் 27. பெரியவர் "இடமில்லை" என்றும் நாத்தனார் "வாருங்கள்" என்றும் ஒரே நாளில் பதில் போட்டார்கள். அந்த அம்மாள் வாசலில் நின்று இரண்டையும் காட்டினார். காவலாளி, "ரெண்டும் எங்க முதலாளிங்கதான், நீங்களே ஒண்ணை எடுத்துக்குங்கம்மா" என்றாராம். வந்து தங்கியிருக்கிறார்.

மூன்றும் நான்கும் உன் அத்தான், அதுவும் நான் போனைக் கையில் திணித்த பிறகு. வந்துவிட்டார்கள். ஐந்து, நாத்தனார். வந்துவிட்டார்கள். ஆறு, பெரியவர், நான்கு நாள் கழித்து, "சரி" என்று ஒரு சொல். எது சரி என்று அவர்களுக்குப் புரியவில்லை போலிருக்கிறது.

நடுவில் தலைமையாசிரியர் ஒரு விதி கொண்டுவந்திருக்கிறார். பதில் பெறாதவருக்குக் காவலாளி கதவைத் திறக்கக் கூடாது. ஒழுங்கு வேண்டுமாம்.

இவர்களோடு மாரடிக்க என்னால் முடியவில்லை.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கணக்கைப் படித்துச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஒரு சந்தேகம். நீ ஆறு என்று எழுதியிருக்கிறாய். என் பக்கத்தில் ஏழு காட்டுகிறது. ஏப்ரல் 2, மாலை நாலு மணிக்கு ஒன்று. ஐந்து பேருக்கும் போயிருக்கிறது. உனக்கு வரவில்லையா? உன் கணக்கு தப்பாது என்பதால் கோளாறு என் பக்கம்தான் என்று நினைத்து இரண்டு நாளாகத் தேடுகிறேன்.

அன்புத் தம்பி

ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வேலை ஓயவில்லை.

உன் அத்தானை மறுபடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஊசி போட்டார். நாத்தனார், பக்கத்தில் காலி அறை எண்ணைப் பச்சையில் போட்டால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்கிறார். எண்ணை மாற்றுவது யார் என்று ஒரு தனிக் கூட்டம் நடந்தது. மூன்று நாள் "5" என்றே நின்றது, உண்மையில் நான்குதான் காலி. தலைமையாசிரியர் வரலாற்றைப் பதினொரு பக்கத்திலிருந்து ஒன்பதாகக் குறைத்துவிட்டதாகவும், இனி நீ மறுக்க முடியாது என்றும் சொல்லச் சொன்னார். கிடங்குக்காரர் வந்து அறைகளை அளந்துவிட்டுப் போனார். ஒவ்வொரு கதவாக டேப் வைத்து அளந்தார்.

காலையில் வழக்கமாக அரை மணி பிரார்த்தனை செய்வேன். இப்போது மனம் ஒட்டுவதில்லை. வெயிலாக இருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

மே 4

அக்கா,

என் பக்கத்தில் கோளாறு இல்லை. உன் போனில் அது திறந்து படிக்கப்பட்டிருக்கிறது, நாலு மணி பத்து நிமிடத்துக்கு.

ஏழாவது ஆள் யார்?

தம்பி

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று மாலை கூடத்தில் இருந்தவர்கள்: பெரியவர், நாத்தனார், தலைமையாசிரியர், உன் அத்தான், காவலாளி, நான். ஆறு பேர். நேற்று தேநீர் போடவில்லை. நானும் உட்கார்ந்தேன்.

உன் ஒரு வரிக் கேள்விக்கு ஒரு மாதமாக நான் பதில் போடவில்லை. இப்போது எழுதுகிறேன், கடைசிவரை படி.

ஏழாவது ஆள் ஒரு தையல்காரி. வெளியூர். கணவருக்குச் சிறுநீரக ஆபரேஷன். மூன்றாம் தேதி காலை வந்து சேர்வோம், ஒரு அறை கிடைக்குமா, வெந்நீர் வைக்க வசதி உண்டா என்று கேட்டிருந்தார். நான் பத்து நிமிடத்தில் படித்துவிட்டேன். நோட்டை எடுத்து நாள், பெயர், கேட்டது, மூன்று கட்டமும் நிரப்பினேன். நாலாவதைக் காலியாக விட்டேன்.

அன்று நான்கு அறை காலி. "வாருங்கள்" என்று ஒரு சொல் நான் போட்டிருக்கலாம். உன் அத்தான் பக்கத்து அறையில்தான் இருந்தார், அவர் கையில் போனைத் திணித்திருக்கலாம். செய்யவில்லை. உன்னை எழுதி வைக்க மட்டும்தானே சொன்னார்கள், எழுதி வை, யார் பதில் போடுகிறார்கள் பார்ப்போம் என்று என் மனம் சொன்னது. மறுநாளும் கட்டம் காலி. அதற்கு மறுநாளும் காலி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு திருப்தி இருந்தது தம்பி. அடுத்த கூட்டத்தில் நோட்டை விரித்து, பாருங்கள் உங்கள் லட்சணத்தை என்று கேட்கலாம் என்று வைத்திருந்தேன். அந்த மூன்று நாளும் நான் பிரார்த்தனையைத் தவறவிடவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு உனக்குக் கணக்கு அனுப்ப உட்கார்ந்தபோதுதான் அந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஆறு என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் பொய்க் கணக்கு.

உன் மே நாலாம் தேதிக் கடிதம் வந்த பிறகும் சில நாள் தள்ளினேன். மே பதினோராம் தேதி நோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டாம் மாடி வராந்தாவில், எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தார். கணவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் விடாமல் இழுத்துவிட்டதாம். வந்த அன்று காலை எதிர்வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறார். பதில் காட்டுங்கள் என்று காவலாளி கேட்க, திரும்பிப் போய்விட்டார். முப்பத்தெட்டு இரவு அங்கே படுத்திருக்கிறார். நான் பதினேழுதான்.

எதிர்வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் எழுந்து நின்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்போ நீங்க பதில் போட்டீங்களாம்மா? எனக்கு வரலியே. என் போன் பழசு, ஸ்க்ரீன் வேற போயிடுச்சு. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சேன்."

ஜனவரியில் நீ எழுதியது நினைவிருக்கிறதா? நான் அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.

"நீங்க சரியாத்தாம்மா அமுக்கினீங்க" என்றேன். அறைக்குக் கூப்பிட்டேன். நாலு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இனி எதற்கு, வேறு யாருக்காவது கொடுங்கள் என்றார். வற்புறுத்தியதில் ஒரு குளியலுக்கு மட்டும் வந்தார். வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தவர், வரிசையாகத் திறந்திருந்த கதவுகளைப் பார்த்தார். "இதெல்லாம் அப்பவும் காலியாவா இருந்துச்சு?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, ஈரத் துண்டை மடித்துப் பையில் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

நேற்று இதையெல்லாம் கூடத்தில் வாசித்தேன். காலிக் கட்டத்தையும் காட்டினேன். தலைமையாசிரியர், "எனக்கு வந்துச்சு. பெரியவர் போட்டிருப்பார்னு விட்டுட்டேன்" என்றார். பெரியவர், "நான் தங்கச்சி போட்டிருக்கும்னு நெனச்சேன்" என்றார். நாத்தனார் உன் அத்தானைச் சொன்னார். உன் அத்தான் அதைத் திறக்கவே இல்லை. அப்புறம் பெரியவர் என்னைப் பார்த்து, "உனக்குத் தெரிஞ்சிருந்துச்சுல்ல? அப்பவே ஏம்மா சொல்லல?" என்றார்.

"சொல்ற பொறுப்பு எனக்கு இல்லேன்னீங்க. அதைச் சாக்கா வெச்சுக்கிட்டேன். நீங்க நாலு பேரும் மறந்துட்டீங்க. நான் மறக்கல, பார்த்துட்டே இருந்தேன். தப்பு எனக்குத்தான் ஜாஸ்தி" என்றேன்.

அடுத்துக் காவலாளிதான் பேசினார், கதவருகே நின்றபடியே. "அந்தம்மாவைத் திருப்பி அனுப்பினது நான். இனிமே பதில் இருக்கான்னு நான் யாரையும் கேக்க மாட்டேன். வேணும்னா வேற ஆள் பார்த்துக்குங்க."

நானும் சொல்லிவிட்டேன். இனிப் பதில் போடுவது நான் ஒருத்திதான், யாரையும் கேட்க மாட்டேன், பிழை இருந்தால் பிழையோடு போடுவேன் என்று. பெரியவர் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்" என்று எழுந்துகொண்டார். இன்று மூன்று அறையில் ஆட்கள் இருக்கிறார்கள். பாதிக்கு இன்னும் ஒன்று வேண்டும். நாள் இருபத்தொன்று இருக்கிறது.

ஆகையால் நீ செய்ய வேண்டியது. விண்ணப்பம் என் போனுக்கு மட்டும் வரட்டும். மற்ற நால்வரையும் எடுத்துவிடு. கோபம் வந்தால் என்னிடம் வரட்டும். பட்டனுக்குக் கீழே இந்த வரியை, பெரியவர் படத்தைக் கேட்டாரே அந்த அளவுக்குப் பெரிசாகப் போடு: "ஒரு மணி நேரத்தில் பதில் வராவிட்டால் தவறு எங்களுடையது, உங்களுடையது அல்ல. நேரே வாருங்கள், கதவு திறக்கும்."

ஏழாவது வரியின் நாலாவது கட்டத்தில் நான் எதுவும் எழுதவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

உன் கழுத்து எப்படி இருக்கிறது? என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் அதையும் எழுது. ஆனால் மாற்றிவிட்டாயா, இல்லையா என்பதை முதல் வரியில் எழுது. சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
அக்கா